அதிக நேரம் தாங்கும் படை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கிடைத்தது. கனவில் வந்தது, மலையடிவாரத்தில் நடக்கும்போது வந்தது என்று அளந்திருக்கலாம். எழுதுகிறவன் அளந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நடந்தது இவ்வளவுதான். என் மைத்துனரின் புதுமனை புகுவிழாவுக்குப் பேனர் அடிக்க ராஜபாளையத்தில் சோலைராஜ் கடைக்குப் போனேன். மெஷின் மக்கர் பண்ணுகிறது, செத்த நேரம் மாடியில் உட்காருங்கள் என்று அவர் அனுப்பி வைத்தார்.

மாடியில் ஒரு பெரிய மேசை. அதன்மேல் புல்தரை அச்சடித்த ஃப்ளெக்ஸ், தெர்மாகோலில் அறுத்த குன்றுகள். குன்றுகளுக்கு நடுவே விரல் உயரத்துக்குக் குதிரைவீரர்களும் பூதங்களும் அணிவகுத்து நின்றார்கள். மீசை வைத்த இரண்டு ஆண்கள் இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பூதம் ஒரு குதிரையை எட்டுமா எட்டாதா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். சரிதான், முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

இந்தப் போர் விளையாட்டின் விதிப்புத்தகம் தலையணைப் பருமன் இருக்கும். பயப்படாதீர்கள், அதில் ஒரு விதி தெரிந்தால் உங்களுக்குப் போதும். இந்த ஆட்டத்தை வாயை மூடிக்கொண்டு ஆட முடியாது. எந்த ஆளை நகர்த்தப் போகிறோம், யாரை அடிக்கப் போகிறோம் என்பதைச் செய்வதற்கு முன்பே எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு எதிராக என்ன செய்யப் போகிறார் என்று அவரும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் நகர்த்தினால் செல்லாது. சதுரங்கத்தைப் பகையாளியோடு ஒரு வார்த்தை பேசாமல் ஆடி முடிக்கலாம். இதை முடியாது.

சோலைராஜ் இதை விளக்கியபோது நான் கொட்டாவி விட்டேன். அப்புறம், நாராயணி என்கிற பெண் எதற்காக இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வந்தாள் என்று சொன்னார். கொட்டாவி பாதியில் நின்றது.

2

தொடக்கங்கள்.

(அ) "சேத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாராயணியின் மடியில், டிபன் டப்பாவுக்குள், ஒரு பட்டாளமே எலும்புக்கூடுகள் இருந்தன."

வாசகரைத் திடுக்கிட வைத்துவிட்டு, பொம்மைதான் என்று பல்லைக் காட்டுகிற வேலை. அடித்துவிட்டேன்.

(ஆ) "கூடப்பிறந்தவர்கள் என்பவர்கள்—"

வேண்டாம். 'என்பவர்கள்' என்று தொடங்கிய எந்த வாக்கியமும் என் கையில் உருப்பட்டதில்லை.

(இ) "ஸ்ரீவில்லிபுத்தூரில், அம்மா வீட்டுக் கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. 'அம்மா, ஃபேனைக் குறைக்கச் சொல்லு' என்றான் ஸ்ரீவத்ஸ்."

இது இருக்கட்டும். சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அவனுடைய அக்கா நாராயணி. அவன் கையை நீட்டினால் அவள் தோளைத் தொடலாம். அம்மா அம்புஜவல்லி இருப்பதோ அடுப்படியில். அவள் அங்கிருந்தே, "ஏட்டி, ஃபேனைக் குறைப்பியாம்" என்கிறாள். நாராயணி குறைக்கிறாள். "போதும்னு சொல்லும்மா" என்கிறான் தம்பி. பேச்சுவார்த்தை இல்லாத எல்லா வீடுகளிலும் இப்படி ஒரு தபால்காரர் உண்டு. உங்கள் வீட்டிலும் தேடிப் பாருங்கள், கிடைப்பார்.

நாராயணி, சேத்தூர் மாரீஸ்வரனைத் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். ஆண்டாள் கோயிலைச் சுற்றியே வாழ்ந்த அந்தக் குடும்பம் முதலில் கொதித்தது, பிறகு ஆறியது. பேத்தி பிறந்ததும் அம்மாவே சேத்தூருக்கு பஸ் ஏறிவிட்டாள். தம்பி மட்டும் ஆறவில்லை. அன்றிலிருந்து அக்காவிடம் ஒரு சொல் பேசவில்லை. காரணம் சாதிதான்.

[மேலே உள்ள கடைசி வாக்கியம் தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அடித்திருக்கலாம். நான் ஏமாந்த மாதிரி நீங்களும் கொஞ்சம் ஏமாறுங்கள் என்று விட்டு வைத்திருக்கிறேன்.]

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையம் போய் இந்தப் போர் விளையாட்டை ஆடுகிறான் என்பது அம்மா புலம்பித்தான் நாராயணிக்குத் தெரிந்தது. கல்யாணம் பண்ண வேண்டிய வயதில் குதிரைப் பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருக்கிறான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வாரமே நாராயணி ஃப்ளெக்ஸ் கடைப் படியேறினாள்.

3

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சோலைராஜிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்: எந்தப் படை ஜெயிக்கும்? எந்தப் படை அழகு என்று கேட்கிற ரசிகர்களும் உண்டு. நாராயணி கேட்டது வேறு.

"எந்தப் படை எடுத்தா ஆட்டம் ரொம்ப நேரம் ஓடும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் சோலைராஜ். யோசித்துவிட்டு எலும்புக்கூட்டுப் படையை எடுத்துக் காட்டியிருக்கிறார். மந்திரவாதி ஒருவன் தலைவன்; மற்றதெல்லாம் எலும்பு. வேகம் கிடையாது, அடியும் பெரிதாக விழாது. ஆனால் விழுந்த எலும்புக்கூட்டை மந்திரவாதி மறுபடியும் எழுப்பிவிடுவான். எதிராளி அடித்து அடித்து ஓய்ந்து போவான். "இத வச்சு ஜெயிக்கது கஷ்டம் தாயி, ஆனா தோக்கதுக்கே சாயங்காலம் ஆயிரும்" என்றாராம். அதையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

புதுப் படை தொடங்குகிறவர்களுக்கு அவர் ஒரு பாடம் வைத்திருக்கிறார். முழுப் படையையும் ஒரேயடியாக வாங்காதே. ஒரு தலைவன், ஒரு வரிசைக் காலாட்படை, அவ்வளவு போதும். அதை ஒட்டு, வண்ணம் பூசு, சின்னதாக ஒரு ஆட்டம் ஆடித் தோற்றுப் பார். பிறகு பெருக்கிக்கொள். கதை எழுதுகிறவனுக்கும் இந்தப் புத்தி பொருந்தும். நான் கேட்கவில்லை. முதல் நாளே முடிவை எழுதிவிட்டேன், கண்ணீரும் கம்பலையுமாக ஒரு முழுப் பக்கம். அதற்கு என்ன கதி நேர்ந்தது என்று பார்க்கத்தானே போகிறீர்கள்.

4

இங்கே எனக்கு நாராயணிமேல் சந்தேகம் வந்தது.

வேலைக்குப் போகிறவள், வீட்டையும் பிள்ளையையும் பார்க்கிறவள். அவள் உட்கார்ந்து எலும்புக்கூட்டுக்குப் பசை தடவுவாளா? நம்ப மாட்டீர்கள் என்று பயந்து, அவளை எடுத்துவிட்டு மாதுரி என்று ஒரு கல்லூரிப் பெண்ணைப் போட்டேன். மாதுரி இரண்டு பக்கம் உயிரோடு இருந்தாள். துடுக்காகப் பேசினாள், கூந்தலைச் சிலுப்பினாள். பேசாத தம்பி மட்டும் அவளுக்கு இல்லை. மாதுரி, மன்னித்துக்கொள். உனக்கு நல்ல இடமாக வேறு கதை அமையட்டும்.

நாராயணி தடவினாள். பொம்மைகள் முழுசாக வராது. பிளாஸ்டிக் சட்டத்தில் கையும் காலும் தலையுமாகத் தனித்தனியே ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நகவெட்டியால் நறுக்கி, பிசிறைப் பிளேடால் சுரண்டி ஒட்டினாள். முதல் பூச்சாக வெள்ளை ஸ்பிரே அடிக்க வேண்டும். நல்ல மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் வைத்து அடித்தாள். ராஜபாளையம் பக்கத்து வெயில், வண்ணம் பொம்மைமேல் விழுமுன் காற்றிலேயே காய்ந்து, எலும்பெல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்துப் போனது. அதைத் தேய்த்தெடுத்துவிட்டுக் காலையில் மறுபடி அடித்தாள்.

அடுத்த வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றிப் பழகிய கை. பழுப்பு மையை நீர்க்கக் கரைத்து மேலே விட்டதும், மை விலா எலும்புகளுக்கு இடையில் ஓடி நின்றது. நான் பார்த்தேன், அசல் எலும்பு.

புருஷன் மாரீஸ்வரன் இதற்குக் கோபப்படுவதாக ஒரு காட்சி எழுதினேன். ஒட்டவில்லை. அந்த மனிதர் உட்கார்ந்து பொம்மைகளின் அடித்தட்டுக்கு மணல் ஒட்டிக் கொடுத்தவர். ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார்.

"தம்பிகிட்ட பேசணும்னா நேரா போயிப் பேசு. அதுக்கு எதுக்கு இம்புட்டு எலும்பு?"

"நேரா போனா எந்திரிச்சுப் போயிருவான். ஆட்டம்னா பதில் சொல்லித்தான ஆகணும்."

அவளுக்கு வேண்டியது அதுதான். தம்பி அவளைப் பார்த்து, அவளிடம், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜெயிப்பது பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

5

அந்த மாடியில் யாருக்கு யார் எதிராளி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். சீட்டில் வந்தவரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கதைக்காக நானும் போய் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவத்ஸுக்கு நாராயணி வந்தாள். இது தற்செயலா என்று சோலைராஜிடம் கேட்டேன். கீழே கஸ்டமர் நிற்கிறார்கள் என்று இறங்கிப் போய்விட்டார்.

ஸ்ரீவத்ஸ் அக்காவையும் எலும்புகளையும் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சோலைராஜ் திரும்பி வந்து நடுவராக நின்றார். எனக்குப் பரம திருப்தி, கதை வழிக்கு வந்துவிட்டது.

அப்போது அவன் சொன்னான்: "அண்ணே, என் குதிரைங்க முன்னாடி போகுதுன்னு சொல்லுங்க."

அக்காவும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தபாலாபீஸை அம்மாவின் அடுப்படியிலிருந்து கழற்றி இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டான். சோலைராஜும் வேறு வழியில்லாமல், குதிரைகள் முன்னால் போகின்றன தாயி என்றார், ஏதோ அவளுக்குக் கண் தெரியாத மாதிரி.

நாராயணி மட்டும் நேராகவே பேசினாள். இந்த வரிசை குன்றைச் சுற்றி வருகிறது ஸ்ரீவத்ஸ், இவர்களை எழுப்பப் போகிறேன் ஸ்ரீவத்ஸ் என்று, ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டே செய்தாள். எலும்புகள் விழுந்தன, எழுந்தன. டீ வந்து ஆறிப்போனது. மற்ற ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அவளுடைய முன்வரிசை அவன் தலைவனுக்குப் பக்கத்தில் வந்து நின்ற நேரத்தில், சோலைராஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் கீழே இறங்கிவிட்டோம். கதாசிரியன் நியாயமாக அங்கேதான் இருந்திருக்க வேண்டும், ஆனால் சில சமயம் மனுஷனாகவும் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மேலே நடந்ததை நாராயணி சொன்னபடிதான் தருகிறேன்.

"உன் தலைவனை அடிக்க வாரேன், நீ என்ன செய்யப் போறேன்னு கேட்டேன் அண்ணாச்சி. சோலைராஜ் அண்ணனைத் தேடுனான். ஆளு இல்ல. பொறவு என்னைய நேரா பாத்தான். வாயத் தொறந்தான்."

நாங்கள் கேட்டது நாற்காலி தள்ளப்படும் சத்தம்தான். விடுவிடுவென்று படியிறங்கி வந்தான். பைக் கிளம்பிப் போய்விட்டது.

மேலே போய்ப் பார்த்தோம். படையை விட்டுவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு குதிரையையும் தூரிகையால் துடைத்துப் பெட்டியின் பஞ்சுக் குழியில் படுக்க வைக்கிறவன், வேறு யார் தொட்டாலும் கடித்துக் குதறுகிறவன், அத்தனையையும் மேசையில் நின்றது நின்றபடி விட்டிருந்தான். எழுந்து போனவன் தோற்றவன் என்பது விதி. சோலைராஜ் தலையை ஆட்டினார். "ஆளுதான் போயிருக்கு, படை நிக்குதுல்லா. ஆட்டம் முடியல" என்றார். அப்படி எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

நாராயணி இருந்த இடத்திலேயே இருந்தாள். சாதி இவ்வளவு ஆழமாகவா போகும் என்று, எழுத்தாளனுக்குரிய முகத்தோடு கேட்டேன்.

"சாதியெல்லாம் இல்ல அண்ணாச்சி. சின்னதுல இருந்து எல்லாத்தையும் அவன்கிட்டதான் சொல்லுவேன். கல்யாணத்தை மட்டும் சொல்லல. பயந்துட்டேன். ஊருக்கே தெரிஞ்சு, கடைசியில யாரோ பால்காரர் சொல்லி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த ஆட்டத்துல எதையும் எதிர்ல உள்ளவன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணும்னாங்க. அதான் வந்தேன்."

இந்தக் கதை முழுக்க விலகி நின்றே எழுதுவதாக இருந்தேன். இந்த இடத்தில் மட்டும் முடியவில்லை.

6

முடிவுகள்.

முதல் நாளே எழுதிய முடிவை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் வைத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதில் ஸ்ரீவத்ஸ் திரும்பி வருகிறான், 'அக்கா' என்கிறான், மேற்கொண்டு நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ரிசல்ட் பேப்பரைச் சரிபார்க்கிற முகத்தோடு கடைசிவரை கேட்டாள்.

"அவன் பேசுனதா எழுதாதீங்க அண்ணாச்சி. நான் இங்க காத்துக்கெடக்கேன். உங்க கதையில உள்ளவகிட்ட மட்டும் பேசிருவானா?"

அந்தப் பக்கத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்து, அவன் ஒரு நண்பனை அனுப்பிக் குதிரைகளை வாங்கிக்கொள்வதாக ஒன்று வைத்திருந்தேன். வறண்ட முடிவு, விமர்சகர்களுக்குப் பிடிக்கும். அதையும் எழுத வேண்டாம் என்றாள். எழுதி அப்படியே ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். மூடநம்பிக்கை என்று தெரிந்தும் அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக, அவளே அலுத்துப்போய்ப் படையை மடக்குவதாக— இதைப் பாதி சொல்லும்போதே சிரித்துவிட்டாள். எலும்புக்கு ஏது அண்ணாச்சி சாவு என்றாள்.

7

ஆகவே முடிவு இல்லை. இருக்கிற நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். மேசையை ஒரு பழைய வேட்டியால் மூடி வைத்திருக்கிறார் சோலைராஜ். மற்றவர்கள் தரையில் விரித்து ஆடுகிறார்கள், முணுமுணுக்கிறார்கள். நாராயணி ஞாயிறுதோறும் வந்து, தன் பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு சேத்தூர் பஸ்ஸுக்குப் போகிறாள். ஸ்ரீவத்ஸ் வரவில்லை. குதிரைகளைக் கேட்டு ஆளும் அனுப்பவில்லை.

பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆனாலும் சம்பந்தப்பட்டவனுக்குத் தெரியும்.

கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கதைகளில் அதை வாசகருக்குத் தானம் பண்ணிவிடுவது வழக்கம், நானும் பண்ணியிருக்கிறேன். இந்த முறை முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்களுக்குச் சேர்ந்தது இல்லை, எனக்கும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் இதைப் படிக்க நேர்ந்தால், இங்கே எழுதி வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்து, அவளைப் பார்த்துச் சொன்னால் போதும்.

.............................................