காதில் ஒரு சிவப்புப் பொட்டு

கண்டக்டருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. நாணயத்தின் முகம்தான் நிற்கும். ஷிப்ட் முடிந்ததும் தன் ரூபாய் நோட்டைப் பணப்பையில் போட்டு, அதற்குச் சமமாகச் சில்லறையை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார். டிப்போவில் அவருக்குச் சில்லறைச் சித்தர் என்று பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களுடைய மனைவிமார் நடக்கிறார்கள்.

இவர் மனைவி மாடிப்படியில் சறுக்கி விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. வருடக் கடைசிக்குள் முதுகில் ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பாள், அதற்குப் பிறகு செய்து பயனில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கண்டக்டர் சம்பளத்தில் அது ஆகிற காரியமா? ஆனால் ஒரே ஒரு காசு கிடைத்தால் ஆகும். அச்சிலேயே எழுத்துகள் இரண்டு தடவை விழுந்துபோன பழைய நாணயங்கள் சில இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சேர்ப்பவர்கள் அதற்குச் சொத்தையே எழுதித் தருவார்கள்.

இதில் ஒரு சள்ளை உண்டு. அச்சு நன்றாக இருந்து, அடிக்கும்போது மெஷின் நடுங்கினாலும் எழுத்து இரட்டையாகத்தான் தெரியும். அந்த வகை காலணா கூடுதலாகப் பெறாது. லென்ஸில் பார்த்தால் நடுக்கம் தட்டையாக இழுபட்டிருக்கும், அசல் இரட்டை உருண்டு திரண்டு பிரிந்திருக்கும்.

பார்த்துக் கழித்த காசே திரும்பவும் பைக்குள் வந்து உயிரை வாங்கக் கூடாதென்று, கழித்ததற்கெல்லாம் ஓர் அடையாளம் வைத்தார்கள். அது மனைவியின் வேலை. நகப்பூச்சுப் புட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, படுத்தபடியே, நாணயத்தில் இருக்கும் தலையின் காதில் பிசகாமல் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். "என் தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு, இவராவது போட்டுக்கட்டும்" என்பாள். அந்த ஒரு நேரம்தான் அவள் சிரிப்பது. பொட்டு காய்ந்ததும் மறுநாள் அவை பஸ்ஸில் மீதிச் சில்லறையாகப் போய்விடும்.

இன்று மதியம் ஷிப்ட் முடித்து, சந்தேகமான ஒரு காசைக் காட்டப் பழங்காசுக் கடைக்குப் போனார். கடைக்காரர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முந்தின நாள் காய்கறி விற்கும் ஒரு அம்மாளிடம் வாங்கிய வேறொரு காசை, பஞ்சு வைத்த டப்பாவோடு எடுத்து நீட்டினார். கண்டக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். எழுத்துகள் உருண்டு திரண்டு பிரிந்து நின்றன. காதில் சிவப்பாக ஒரு தோடு.

"எவனோ ஒரு மடையன் நகப்பூச்சை வச்சுத் தொலைச்சிருக்கான்ணே. பஸ்ல மீதியா வந்துச்சாம் அந்தம்மாவுக்கு."

கொடுத்த விலையையும் அவரே சொன்னார். ஆபரேஷன் போக, மிச்சத்தில் அடகுத் தோட்டையும் திருப்பியிருக்கலாம். கண்டக்டர் டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

போன மாதம் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்த சாயங்காலம் ஞாபகம் வந்தது. பொட்டு வைக்கப்போனவள் ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்து தடியாக இருக்கிறதே, இன்னொரு தடவை பாருங்களேன் என்றாள். "எல்லாம் மெஷின் நடுக்கம்தான். உனக்கு என்ன தெரியும், தோட்டைப் போடு" என்றார் இவர். போட்டாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனையாவது மன்னிக்கலாம். இவர் அந்த வெண்ணெயை வழித்துத் தெருவில் எறிந்தவர்.

வீட்டுக்கு வந்தபோது அவள் புட்டியைக் குலுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அடியில் கொஞ்சம்தான் இருக்கிறதாம், வேறு வாங்க வேண்டுமாம்.

"ஏங்க முகம் இப்படி இருக்கு? வருஷம் முடிய இன்னும் மூணு மாசம் கிடக்கு. கிடைக்காமலா போயிடும்?"

அவர் பையை அவிழ்த்து அத்தனை காசையும் அவள் பக்கத்தில் கொட்டினார்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

லென்ஸ் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் முதல் காசை எடுத்து, காது எங்கே என்று தேடினாள்.