அண்ணி போட்ட தரை

இறுகிப்போன ஓர் ஆணியை அண்ணி சிவதர்சினி குறட்டால் நெம்பிக்கொண்டிருந்தபோது மகேந்திரன் கரவன் வாசலில் வந்து நின்றான். ஊஸ்டர் நகருக்கு வரும் ரயிலில், அவளை ஏசுவதற்கு வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான். வீட்டில் அண்ணன் தயாநிதி சாகக் கிடக்கிறார்; மனைவி கார் தரிப்பிடத்தில் தச்சுவேலை செய்கிறாள். சொந்தக்காரர் சும்மா இருப்பார்களா?

"அண்ணி, அண்ணைக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

"மகள் இருக்கிறாள். அந்த மரம் அறுக்கிற வாளை எடுத்துத் தாங்கோ தம்பி."

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கரவன் அது. கோடையில் ஏரிக்கரையில் நிறுத்தி, அதற்குள் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அண்ணன் வாங்கினார். ஏறிய முதல் நாளே அவர் கால் தரைக்குள் இறங்கிவிட்டது. யன்னலால் ஒழுகிய மழை பலகையை உக்க வைத்திருந்தது. திருத்தத் தொடங்கியவர் படுக்கையில் விழுந்தார். டொக்டர்மார் கைவிரித்தபின் அவர் கேட்டது ஒன்றுதான். ஏரி வேண்டாம், ஒருக்கா கரவனுக்குள் படுத்தால் போதும்.

"ஒரு நாளுக்குத்தானே அண்ணி? மேல ஒரு பலகையைப் போட்டு மூடுங்கோவன்."

"அவரைத் தூக்கிக்கொண்டு நாங்களும் ஏறவேணுமெல்லே. தரை அசைஞ்சா மனுசன் பயந்துபோவார்."

அண்ணி திருப்புளியால் அடிச்சட்டத்தைக் குத்தினாள். மெத்தென்ற பாணுக்குள் கத்தி போவதுபோல உள்ளே போனது. தள்ளிக் குத்தினாள். இன்னும் தள்ளி. நல்ல மரத்தில் திருப்புளி முட்டி நின்ற பிறகுதான் பென்சிலால் கோடு போட்டாள்.

மகேந்திரன் ஜாக்கெட்டைக் கழற்றினான். ஏச வந்தவன் பலகை பிடித்தான். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அண்ணி, உக்கிய சட்டத்தை அறுத்தெடுத்து, புதிதை வைத்து, பசை தடவித் திருகாணி முடுக்கினாள். ஒரு பலகை மயிரிழை குட்டையாகப் போனது. அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு மறுபடி வெட்டினாள். சாகப்போகிற அண்ணன்மேல் மகேந்திரனுக்குப் பொறாமையாக இருந்தது. தனக்காக யார் இப்படி முழங்கால் தேயத் தவழுவார்கள்?

பசை இறுகும்வரை அவள் யாரையும் ஏறவிடவில்லை. அதுவரை அண்ணன் இருப்பாரா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

அண்ணன் இருந்தார். மறுநாள் போர்வையோடு தூக்கிவந்து உள்ளே கிடத்தினார்கள். கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"ஆர் செய்தது?"

"நான்தான். பிழையோ?"

"என்னைவிட நல்லாச் செய்திருக்கிறீர்."

பின்னேரம் யன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சாவுச் செய்தி கேட்டுச் சனம் கூடியது. ஒருவரும் ஏறவில்லை. பழைய வண்டி, உடைஞ்சு கிடைஞ்சு போகும் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்.

"ஏறுங்கோ," என்றான் மகேந்திரன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. "என்ரை அண்ணி போட்ட தரை. ஏறுங்கோ."

ஒவ்வொருவராக ஏறினார்கள். உள்ளே அழுகை எழுந்தது. பலகையில் ஒரு சத்தமும் இல்லை. கணவனின் காலடியில் இருந்த சிவதர்சினி தன் கால்களை ஒடுக்கிக்கொண்டு, வாசலில் தயங்கி நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு பேர் வாங்கோ. தாங்கும்."