டின்னில் வந்த சீனி

எலுமிச்சம்பழத் தோலைத் துருவ ஒரு கைப்பக்குவம் வேண்டும். மேலே இருக்கிற மஞ்சள் மட்டும் உதிர வேண்டும். அடியில் இருக்கிற வெள்ளையைத் தொட்டால் போச்சு, கேக் முழுக்கக் கசக்கும். ரமணிக்கு அந்தப் பக்குவம் வந்து இருபது வருஷம் ஆகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த வாசம் கிளம்பினால், அன்று ஞாயிற்றுக்கிழமை என்று கீழே கார் கழுவுகிறவர்களுக்கும் தெரிந்துவிடும்.

கேக் அவள் கணவன் வேலாயுதத்துக்கு. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலைக்குப் போனபோது, தினமும் ஜாமில் கிடந்து சாக முடியாது என்று சொல்லி, அங்கேயே இன்னும் மூன்று ஆண்களோடு வீடெடுத்துத் தங்கிக்கொண்டான். சனிக்கிழமை காலையில் வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவான். போகும்போது கையில் ஒரு பழைய பிஸ்கட் டின், அதற்குள் ஒரு முழு எலுமிச்சை கேக்.

"பயலுங்க ஒன் கேக்குக்கு உசுரையே விடுறானுங்க ரமணி," என்பான். பிள்ளை இல்லாத வீட்டில் ஒருத்திக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் சும்மாவா? அந்த ஒரு பேச்சுக்காகவே அவள் வெண்ணெயை ஒரு கரண்டி கூடப் போடுவாள்.

முதல் வருஷம் டின் திரும்பி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே, துகளும் எறும்புமாக. அதைத் திறந்து தட்டக்கூட அவனுக்கு உடம்பு வணங்காது, வந்ததும் அடுப்படி மேடையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவான். ஆண்கள் மட்டும் இருக்கிற வீடு, அப்படித்தான் இருக்கும் என்று ரமணி நினைத்துக்கொண்டாள். பிறகு டின் கழுவித் துடைத்து வர ஆரம்பித்தது. பரவாயில்லை, தடியன்கள் திருந்திவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டாள். இந்த வருஷம் அது காலியாக வருவதும் நின்றுபோனது. மூடியைத் திறந்தால் உள்ளே ஏழெட்டு எலுமிச்சம்பழம், காம்போடு.

"வீட்டுக்குப் பின்னால மரம் நிக்குது. காவலுக்கு இருக்கிற நேப்பாளி கார்டு பறிச்சுப் போடுறான்," என்றான் வேலாயுதம்.

நல்ல பழம். மெல்லிய தோல், நகம் பட்டாலே மணக்கும். பாசாரில் விற்கிற மெழுகு பூசிய பழமெல்லாம் இதன் கிட்டே வர முடியாது. அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவுக்கு யோசனை பிறந்தது.

"ஒம்போது வெள்ளிக்கெழம ராகு காலத்துல துர்க்கைக்கு எலுமிச்சை வெளக்கு போடு ரமணி. ஒன் புருஷன் மாத்தலாகி கேயெல்லுக்கே வந்துருவாரு பாரு."

ரமணிக்கு வேறென்ன வேண்டும்? கணவன் வாரம் ஏழு நாளும் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பழத்தைப் பாதியாக வெட்டிப் பிழிந்து, தோலை உள்வெளியாகத் திருப்பிக் கிண்ணமாக்கி, கோயிலில் நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றுவாள். சாற்றை வீணாக்காமல் பிரிஜ்ஜில் வைத்து ஞாயிற்றுக்கிழமை கேக்கில் ஊற்றுவாள். தோல் சாமிக்கு, சாறு புருஷனுக்கு. இப்படியே ஏழு வெள்ளி முடிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. டின்னைத் திறந்தாள். பழம் இல்லை. செய்தித்தாள் கிழித்து மடித்த ஒரு சின்னப் பொட்டலம் மட்டும் இருந்தது. பிரித்தாள். ஒரு பிடி சீனி.

ரமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இன்னொரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடு என்று சொல்லித்தான் அம்மா அவளை வளர்த்தாள். கிள்ளானில் அவள் பிறந்த வரிசை வீடுகளில் பாத்திரங்கள் அப்படித்தான் வீட்டுக்கு வீடு போய்வரும். எந்த ஆம்பளைக்கு இதெல்லாம் தெரியும்? வேலாயுதத்துக்குத் தெரியாது. அந்த மூன்று தடியன்களுக்குத் தெரியாது. நேப்பாளி கார்டுக்கு எந்தத் தாய் வந்து சொல்லிக் கொடுத்தாள்? மரத்தில் காய் ஓய்ந்த வாரத்தில் கை தானாகச் சீனி டப்பாவுக்குப் போக வேண்டுமானால், அந்த வீட்டில் ஒரு பெண் இருக்க வேண்டும். ஒழுங்காக வளர்க்கப்பட்ட பெண்.

"ஏங்க, டின்னுல சீனி யாரு போட்டது?"

வேலாயுதம் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன சீனி?"

"பொட்டலம் கட்டிப் போட்டிருக்கு."

அவன் கட்டைவிரல் நின்றது. உடனே மறுபடியும் நகர்ந்தது. "கார்டுதான் போட்டிருப்பான்லா. காப்பிக்கு வாங்குனது மிஞ்சியிருக்கும். சீனிக்கெல்லாமா விசாரணை?"

"எறும்பு வருமேன்னு கேட்டேன்," என்றாள் ரமணி.

அவன் துரோகம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏழு வெள்ளிக்கிழமை அவள் கண்ணை மூடிக் கைகூப்பி, என் புருஷனை என்னிடம் கொண்டுவா தாயே என்று வேண்டி ஏற்றிய ஒவ்வொரு விளக்கும் அந்த இன்னொருத்தி வீட்டுப் பழம். துர்க்கை யார் வேண்டுதலைக் கேட்டிருப்பாள்? அவளும் பெண்தானே, சிரித்திருப்பாள். ரமணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீதமிருந்த பழங்களை எடுத்துத் துருவினாள். மஞ்சள் போனது, நிறுத்தவில்லை. வெள்ளை வந்தது, அதையும் துருவினாள். சதை தெரியும்வரை துருவி, கொட்டையை நசுக்கி அதையும் மாவில் போட்டாள். தின்னட்டும். இரண்டு பேரும் உட்கார்ந்து தின்னட்டும். கேக் எப்போதும்போலப் பொன்னிறமாக உப்பி வந்தது, வாசத்திலும் குறையில்லை. வேலாயுதம் டின்னை வாங்கிக்கொண்டு, "பயலுங்க காத்துக்கிட்டு இருப்பானுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த மனிதனோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறோமே என்று இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை வீரம்மா அக்கா புடவையும் பூக்கூடையுமாக வந்து கதவைத் தட்டினாள். "கெளம்பலியா? எட்டாவது வாரம்லா."

"வரலக்கா. பழம் இல்ல."

"கடையில இல்லாத பழமா? நடுவுல விட்டா குத்தமாயிரும்டி."

"ஆகட்டும்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வீரம்மா அக்கா வெளியே கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை டின் வந்தது. வேலாயுதம் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். ரமணி மூடியைத் திறந்தாள். கழுவித் துடைத்த டின்னில் மூன்றே மூன்று பழம், ஒரு சின்னச் சீனிப் பொட்டலம், அடியில் பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு காகிதம். உருண்டையான தமிழ் எழுத்து.

'அக்காவுக்கு, மலர் எழுதுறேன். உங்க தம்பிக்குத் தெரியாம இதை வைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த வாரம் கேக் ரொம்பக் கசந்துச்சு. நீங்க ஒரு நாளும் இப்படிச் செஞ்சதில்ல, உடம்பு சரியில்லையோன்னு பயமா இருக்கு. எங்க கல்யாணம் உங்களுக்குப் பிடிக்கலன்னும், போன் பண்ணா திட்டுவீங்கன்னும் உங்க தம்பி சொல்லியிருக்கார். உங்களுக்கு வேற யாரும் இல்ல, அதான் லீவு நாள்ல அவரு உங்ககூட இருக்கார்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் நெனச்சுக்கல. வாரா வாரம் கேக் செஞ்சு அனுப்புறவங்களுக்குக் கெட்ட மனசு எப்படி இருக்கும்? மரம் அவரு நட்டது, இப்ப காய் கொறஞ்சுபோச்சு, அதான் மூணு. பாப்பாவுக்கு ரெண்டு வயசு முடியப் போகுது. அத்தை கேக், அத்தை கேக்னு கேட்டுக்கிட்டே இருக்கா. ஒரு தடவ வந்து அவளைப் பாருங்கக்கா.'

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ரமணி இன்னொரு தடவை படித்தாள். அக்கா. உங்க தம்பி. யாரும் இல்லாதவள். தாலி கட்டிய கை தன்னை அக்காவாக்கி, அனாதையாக்கி, ஒரு குழந்தைக்கு அத்தையாக்கி வைத்திருக்கிறது. அதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கசப்பை இரண்டு வயதுப் பிள்ளை வாயில் வைத்து முகத்தைச் சுளித்திருக்கும் என்ற நினைப்புதான் அவளை உட்கார வைத்தது. அழுதாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை அரிசி டின்னுக்குள் சொருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மூன்று பழத்தையும் கழுவினாள். அவசரப்படாமல், பழத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, மஞ்சளை மட்டும் துருவினாள். வெள்ளையில் ஒரு கீறல் விழவில்லை. துருவலைச் சீனியோடு சேர்த்து விரலால் கசக்கி, வெண்ணெயில் போட்டு அடித்தாள். அந்தப் பொட்டலத்துச் சீனியையும் சேர்த்துக்கொண்டாள். கேக் வெந்து ஆறியதும் படுக்கையறை அலமாரியைத் திறந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். கிள்ளான் கோயில் மண்டபத்தில், மாலையும் கழுத்துமாக, வேலாயுதம் குனிந்து அவளுக்குத் தாலி கட்டுகிற படம். பின்பக்கம் தேதி இருந்தது. அதன் கீழே தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினாள். எண்ணெய் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு டின்னின் அடியில் வைத்தாள். அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் கேக்.

பிள்ளை முதலில் கேக்கைத் தின்று முடிக்கட்டும். டின்னைக் கழுவப் போகும்போது மலர் பேப்பரை எடுப்பாள். கழுவாமல் அனுப்புகிற பெண்ணில்லை அவள். அவள் தலையில் இப்படி ஒரு கல்லைப் போடுகிறோமே என்று ரமணிக்கு வலித்தது. ஆனால் யாரோ ஒருத்தி அவளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவன் சொல்லப்போவதில்லை.

சாயங்காலம் வேலாயுதம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். "போன வாரம் கேக் கசந்துச்சுன்னு பயலுங்க ஒரே பேச்சு. இந்தத் தடவ ஒழுங்கா செஞ்சியா?"

"செஞ்சிருக்கேன். கசக்காது."

"ரொம்ப கனமா இருக்கு?"

"வெண்ணெ கூடப் போட்டேன்," என்றாள். "பத்திரமா கொண்டுபோய்க் குடுங்க."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, டின்னைக் கக்கத்தில் இடுக்கியபடி படியிறங்கினான். ரமணி நான்காம் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். டின்னை முன் சீட்டில் வைத்தான், சரியாமல் இருக்கத் துண்டை மடித்துப் பக்கத்தில் அண்டக் கொடுத்தான், வண்டியை எடுத்தான். இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அந்த மூடியைத் திறந்து பார்த்ததில்லை.