சிங்கராயர் சொன்னதில் மீதி

சிங்கராயருக்கு இலவசம் என்றாலே ஆகாது. டீக்கடை, பால் சொசைட்டி, மாதா கோயிலில் பூசை முடிந்த வாசல், எங்கே நாலு பேர் நின்றாலும் அதைத்தான் பேசுவார். அரசாங்கம் சோம்பேறிகளை வளர்க்கிறது, உழைத்துத் தின்ற காலம் போய்விட்டது, இத்யாதி. ஊர் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. அப்படிப்பட்டவர் முன்னால் கள்ளக்குறிச்சி லோக்கல் சேனல்காரன் ஒருவன் மைக்கை நீட்டி, பெண்களுக்கு இலவச பஸ் விடுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதும் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூச்சு விடாமல் பேசினார்.

டிவியில் வந்தது ஒரே ஒரு வரி. "பொம்பளைங்களுக்கு எதுக்குங்க ஓசி பஸ்ஸு?" அதற்குப் பின்னால் டொம்மென்று ஒரு சத்தம், அவர் மூஞ்சியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்று அவர் சொன்ன காரணம் முழுக்க வெட்டுப்பட்டுப்போனது. மிச்சமிருந்த அந்த ஒரு வரி வெள்ளிமலை ரோடு நெடுக செல்லுக்குச் செல் தாவியது.

மறுநாளிலிருந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறவள் ஆண்டாள். வருஷக்கணக்காக அவர் நிலத்துக்கு வருகிறவள், இப்போது போன் போட்டால் எடுப்பதில்லை. கிழங்கு முற்றிக் கிடக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் அழுகித் தொலையும். ஜவ்வரிசி மில்காரன் வேறு நச்சரிக்கிறான். இதற்கு நடுவில் மனைவி ஆனந்தமேரி, "வாய மூடிக்கினு வந்திருந்தா இன்னா கொறஞ்சிடும்?" என்று சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓதினாள்.

சிங்கராயர் சேனல் ஆபீசுக்கே போய்விட்டார். மீதியையும் போடு என்றார். முதலாளி அறிவுச்செல்வன் நாற்காலியை விட்டு அசையாமல், மறுப்பெல்லாம் போடுகிற வழக்கமில்லை, அவ்வளவு நேரம் எவன் உட்கார்ந்து பார்ப்பான், வேண்டுமானால் விளம்பரமாகக் கொடுங்கள் என்றான். சிங்கராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டினவனுக்கே கூலி கொடுத்து ஒட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லாமல் சொன்னதையெல்லாம் எழுதி, ஒரு போட்டோவும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

விடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது கோயிலில் துக்க மணி அடித்தது. யார் போய்விட்டார்கள் பார் என்று ஆனந்தமேரியை வெளியே அனுப்பினார். போனவள் ஒரு மாதிரியாகத் திரும்பி வந்தாள்.

"நீங்கதானாம்."

அந்தச் சேனலில் விளம்பரம் என்றால் பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இவைதான். கம்ப்யூட்டரில் இருந்தவன் நரைத்த தலையையும் சிரிக்காத முகத்தையும் பார்த்து, போட்டோவைக் கறுப்பு பார்டரில் வைத்து, எழுதிக் கொடுத்ததைக் கீழே பொடி எழுத்தில் விட்டு, ஷெனாய் போட்டு ஓட்டிவிட்டான். அதைப் பார்த்த, கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியார் லாரன்ஸ் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார். நாலு வீடு தள்ளி இருக்கிற ஆளுக்கு வந்து கேட்கத் தோன்றவில்லை. டிவியிலேயே வந்த பிறகு என்ன கேட்பது?

கொஞ்ச நேரத்தில் வாசலில் மாலையும் கையுமாகக் கூட்டம். வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தொட்டுப் பார்த்தார்கள். தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. ஆண்டாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் சாவு வீட்டுக்கு வராமல் இருப்பார்களா? தன் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், பனியனோடு வாசலில் நிற்கும் பிணத்தைப் பார்த்ததும் பாதி அடியில் நிறுத்தினாள்.

"போட்டோவுக்குக் கீழ நான் எழுதினத யாருனா படிச்சீங்களா?" என்றார் சிங்கராயர்.

ஒருவரும் படிக்கவில்லை. கண்ணீர் அஞ்சலியில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். செத்ததாகச் சொன்னதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார், இதைத் தாங்க முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார்.

"ஓசி பஸ்ஸு எதுக்குன்னு கேட்டது நெசம். இப்பவும் கேப்பேன். ஒழைக்கிறவங்களுக்குக் கட்டுப்படியாற கூலிய குடு. அவங்க காசுல டிக்கெட் எடுத்துக்கினு கவுரவமா போவாங்க. கண்டக்டரு மூஞ்ச சுளிக்கறத இன்னாத்துக்குப் பாக்கணும்? இதத்தான் அந்தப் பாவி வெட்டிட்டான்."

தெருவே முழுசாகக் கேட்டது. ஆண்டாள் கையிலிருந்த மாலையை வேலியில் மாட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பேச்சுதாங்க" என்றாள்.

சிங்கராயருக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது. கிழங்கும் தப்பித்தது என்று நினைத்தார்.

"ஒங்க நெலத்துக்கு அந்த ஓசி பஸ்ஸுலதான் வந்துக்கினு இருக்கோம். எங்களுக்குக் கூலி யாருங்க குடுக்கறது?" என்றாள் ஆண்டாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"நீங்க ஏத்திக் குடுங்க. நாளைக்கே டிக்கெட் எடுத்துக்கினு வரோம்."

அவள் நகரவில்லை. உபதேசியார் நின்றார், ஆனந்தமேரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் குறுக்கே பேசவில்லை. சிங்கராயர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.