தடி பட்ட பாறை

ஓபேலியாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஞாயிறு காலைகளில் மருமகள் யெசேனியாதான் அவளைக் காரில் மலைக்கு அழைத்துப் போனாள். மகன் எரிபெர்த்தோ செய்த ஏற்பாடு அது. லாரியோடு வாரம் முழுக்க வெளியூரில் கிடப்பவனுக்கு, வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத இருவரும் மலையிலாவது பேசிவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

டூசான் என்ற பாலைவன நகரத்தின் மேற்குக் கடைசித் தெரு முடிகிற இடத்திலேயே மலை தொடங்கிவிடும். அந்தப் பாதைக்கு அவ்வளவாக யாரும் வருவதில்லை. ஏப்ரல் மாதம். ஏழரை மணிக்கே வெயில் முதுகில் உறைத்தது. யெசேனியா நகராட்சிக்குத் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள். நாளெல்லாம் தெருத்தெருவாக நடந்து பழகிய கால். ஓபேலியாவுடையது பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்றே தேய்ந்த கால். தடியை ஊன்றி ஊன்றி, மூச்சிரைத்தபடி பின்னால் வந்தாள்.

முக்கால் மைல் ஏறியதும் யெசேனியா நின்றாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஆல்புகெர்க் ஊருக்குக் குடி போற விஷயம்தானே? சொல்லு."

"யார் சொன்னா?"

"உன் பொண்ணு. 'பாட்டி, நான் புது ஸ்கூலுக்குப் போறேனே'ன்னு அஞ்சு வயசுப் பிள்ளை வந்து சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் வாயில தமாலே கொழுக்கட்டையா அடைச்சு வெச்சிருந்தீங்க?"

"அவர்தான் சொல்றேன்னார்."

"அவன் எங்க சொல்லுவான்! கல்யாணம் பண்ணிக்கப் போறேங்கறதையே போன்ல சொன்னவன். அவனைக் கிளப்பிக்கிட்டுப் போறது நீ."

"தினமும் ராத்திரி வீட்டுக்கு வர்ற மாதிரி அங்க அவருக்கு வேலை கிடைச்சிருக்கு அத்தை. இங்க இருந்தா பிள்ளை அவரை ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாக்குது."

"அப்ப என்னை?"

ஓபேலியா மருமகளை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். கண்ணில் நீர் முட்டியதில் பாதை வளைந்தது தெரியவில்லை. நேரே நடந்து, பெரிய பாறை ஒன்று வழி மறித்ததும், "போங்க! எல்லாரும் போய்த் தொலைங்க!" என்று தடியால் அதன்மேல் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

பாறையின் வெடிப்பிலிருந்து ஒரு தேனீ வந்து அவள் நெற்றியில் மோதியது. இன்னொன்று தலைமுடிக்குள் புகுந்தது. அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கினாள்.

"தட்டாதீங்க!"

மீட்டர் குழியில் தேனீக்கூடு இருக்குமோ என்று மூடியைத் தூக்குமுன் யெசேனியா தினமும் குனிந்து காது கொடுத்துக் கேட்கிற சத்தம் இப்போது பாறைக்குள்ளிருந்து வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் மூடியை விட்டுவிட்டு ஓட வேண்டும். ஓபேலியா அதற்குள் தட்டிவிட்டிருந்தாள். வெடிப்பு முழுவதும் கருத்து, புகை போலப் பொங்கி வெளியே வந்தது.

"ஓடுங்க அத்தை! கீழ, கார்கிட்ட!"

யெசேனியா ஓடினாள். இருநூறு அடி போனபின்தான், பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். சரளையில் வழுக்கி விழுந்த ஓபேலியா, கைகளால் முகத்தை அறைந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையும் தோளும் தேனீக்களால் மூடிக்கிடந்தன.

ஒரு கணம் யெசேனியாவின் கால் எழவில்லை. அந்த ஒரு கணத்தைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த மகளின் முகம்தான் நினைவில் வந்தது. அப்புறம் மேலே ஓடினாள்.

"நீ போ! பிள்ளை இருக்கு உனக்கு! என்னை விட்டுட்டு..."

"வாயை மூடுங்க! திறந்தா உள்ள போயிடும்!"

எட்டு வருடத்தில் மருமகள் அவளை வாயை மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓபேலியா மூடினாள். யெசேனியா தன் நீளக்கைச் சட்டையைக் கழற்றி மாமியாரின் தலையில் போர்த்தி, கழுத்தோடு இறுக்கிப் பிடித்தாள். அவள் மேல் இப்போது கையில்லாத உள்பனியன் மட்டும். வெறும் தோளிலும் கையிலும் கொட்டு விழுந்துகொண்டே இருந்தது. மாமியாரின் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"எனக்குக் கண்ணு தெரியல."

"நான் பாக்கறேன். நிக்காம நடங்க. இடது காலு. படி. இன்னொரு படி."

கள்ளி முள் இழுத்தது. இரண்டு முறை விழுந்தார்கள். இரண்டாம் முறை ஓபேலியா எழ மாட்டேன் என்றாள். யெசேனியா அவள் பெல்ட்டைப் பிடித்துச் சரிவில் இழுத்தாள். பாதி வழியில் கூட்டம் கொஞ்சம் கலைந்தது. விடாமல் வந்தவை காருக்குள்ளும் நுழைந்தன. கதவைச் சாத்தியபோது உள்ளே ஒரு இருபது இருக்கும்.

யெசேனியா சாவியை எடுத்தாள். துவாரம் தெரியவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. மூச்சு விசில் போலக் கேட்டது.

"அத்தை... தொண்டை அடைக்குது."

ஓபேலியா தலையிலிருந்த சட்டையை உருவினாள். அவளுக்கு ஒரு கண் பாதி திறந்திருந்தது. மருமகளை அப்படியே அடுத்த இருக்கைக்குத் தள்ளிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் காத்திருக்க அவள் நினைக்கவேயில்லை. இரண்டு மைல் கீழே தீயணைப்பு நிலையம் இருப்பது தெரியும். ஜன்னல்களை இறக்கிவிட்டு, கழுத்தில் கொட்டியவற்றைக் கொட்ட விட்டு, மண் சாலையில் குலுங்கக் குலுங்க ஓட்டினாள்.

"பேசு. என்கிட்ட பேசிக்கிட்டே இரு."

விசில் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது.

"ஏய், திட்டு என்னை! வாயை மூடுன்னு சொன்னியே, இன்னொரு தரம் சொல்லு!"

யெசேனியாவின் கை தடவித் தடவி வந்து அவள் முழங்கையைப் பற்றியது. சிவப்பு விளக்கில் ஓபேலியா நிற்கவில்லை. தீயணைப்பு நிலைய வாசலில் ஹாரனை அழுத்திய கையை, உள்ளிருந்து ஆட்கள் ஓடி வரும்வரை எடுக்கவில்லை. ஒருவன் யெசேனியாவின் தொடையில் ஊசியைக் குத்தினான். அந்த நிமிடம் ஓபேலியாவுக்கு ஒரு வருடம் போல இருந்தது. பிறகு விசில் தணிந்து, மூச்சு மூச்சாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் எண்ணியபோது மாமியார் உடம்பில் எழுபது கொட்டுகள். மருமகள் உடம்பில் நூற்று முப்பது வரை எண்ணிவிட்டு நர்ஸ் நிறுத்திக்கொண்டாள். மதியம் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். இந்த வாரம் லோடு தாமதமாகி எல் பாசோ ஊரில் தங்கிவிட்ட எரிபெர்த்தோ, விவரம் கேட்டு வந்துகொண்டிருந்தான்.

"யெசேனியா, அங்க வீடு பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அத்தை."

"மாடி வீடா?"

"ஆமா."

"என் முட்டிக்கு ஆகாது."

யெசேனியா சிரிக்கப் பார்த்தாள், உதடு வலித்தது. "கீழயும் ஒரு ரூம் இருக்கு. சின்னது."

"வந்து போக அது போதும். இங்க என் ஸ்கூல் சமையலை யாரு பாப்பா?"

நர்ஸ் சின்னப் பல்சக்கரம் வைத்த கருவியோடு வந்தாள். யெசேனியாவின் விரல் ஊதி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. மோதிரத்தை அறுத்தால்தான் விரலுக்கு இரத்த ஓட்டம் திரும்பும். ஓபேலியா மெல்லக் கட்டிலை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடியில் வாங்கி அசையாமல் பிடித்துக்கொண்டாள். சக்கரம் சுழன்றது.

"அத்தை, விரலுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் கொஞ்சம்."

பொன் துகள் வெள்ளை விரிப்பில் உதிர்ந்தது.