நான்காவது வளைவு

சந்து எட்டடி அகலம். வீட்டின் முகப்போ எண்பதடி. பின்னால் நகர்ந்து நின்று முழுசாகப் படம் பிடிக்க இடமே இல்லை. எதிர்ச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, இரண்டடிக்கு ஒருமுறை நகர்ந்து, நாற்பத்தொரு படங்கள் எடுத்தாள் சுபாஷிணி. அவற்றை ஒட்டி ஒரே படமாக்கும் வேலையை மட்டும் மாதவ் பிடுங்கிக்கொண்டான். பழைய தில்லி வீடுகளைப் பதிவு செய்யும் ஆபீசுக்கு அவன் முதலாளி. பழைய தில்லிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத முதலாளி.

ஒட்டினானாம்! பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனான். வீட்டு முகப்பின் பதினொரு வளைவுகளும் ஒரே அச்சு. நான்காவதையும் மூன்றாவது என்றே நினைத்த கம்ப்யூட்டர், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டது. பதினொன்று பத்தாயிற்று. கம்ப்யூட்டரை மன்னிக்கலாம், அதற்குக் கண் கிடையாது.

"ஒரு வளைவு குறையுது, மாதவ். நடுவுல இருக்கவேண்டிய வாசல் உங்க படத்துல ஒதுங்கி நிக்குது."

"அரே, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அளவெல்லாம் எங்க தெரியும்? பத்துன்னா ரவுண்டா நல்லாருக்கு. அனுப்பியாச்சு, சோடோ, விட்டுத் தள்ளு."

அந்த நான்காவது வளைவுக்குப் பின்னால்தான் ரஷீத் மாஸ்டரின் தையல் மெஷினும், மூங்கில் முட்டில் நிற்கும் கூரையும் இருந்தன. படத்தில் உள்ள பகுதியை மட்டுமே அரசாங்கம் பழுதுபார்க்கும். மழைக்கு இன்னும் ஒரு மாதம்.

மறுநாள் அதிகாரி படத்தோடு சந்துக்கு வந்தார். விரல் நீட்டி எண்ணினார்.

"இங்க ஒண்ணு அதிகமா இருக்கே?" என்றார் இந்தியில்.

இப்போதாவது தப்பை ஒப்புக்கொள்வான் என்று நம்பியது சுபாஷிணியின் முட்டாள்தனம். வெள்ளை ஷூவில் சேறு படாமல் நின்றுகொண்டு மாதவ் சொன்னான்: "அது பிற்பாடு கட்டினது சார். சட்டவிரோதம். அதான் படத்துலேர்ந்து எடுத்துட்டேன்."

தன் சோம்பலை மறைக்க ஒருவருடைய கூரையையே இடிக்கத் துணிந்துவிட்டான். அதிகாரி பேனாவைத் திறந்தார். சுபாஷிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், உங்க டேப்பைக் கொண்டாங்க."

வாசலின் நடுவிலிருந்து இடது கோடி வரை இருவரும் அளந்தார்கள். எட்டு டேப். வலது கோடி வரைக்கும் எட்டு டேப். ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை.

"இது பிற்பாடு வந்ததுன்னா, வீட்டைக் கட்டினவர் வாசலை முதல்லயே கோணலாவா வெச்சார், சார்?"

அதிகாரி பத்தை அடித்துப் பதினொன்று என்று எழுதினார்.

"நானும் அதைத்தானே சொல்ல வந்தேன்," என்றான் மாதவ். "சாஃப்ட்வேர் ப்ராப்ளம்."

ரஷீத் மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானும் துண்டு துண்டா வெட்டித்தான் ஒண்ணு சேர்க்கிறேன், பாபு. சட்டையில ஒரு கையை வைக்க மறந்துட்டு, உங்களுக்கு அந்தக் கை பிற்பாடுதான் முளைச்சதுன்னு எந்த வாடிக்கைக்காரர்கிட்டயும் நான் சொன்னதில்லை."