ஒட்டடைக்குச்சியின் கடைசி கேசட்

அந்த இசைக்குழு பதினாறு வருஷம் கழித்து வெளியிட்ட முதல் சிங்கிளைக் கேட்டவர்களுக்கெல்லாம், பாட்டு ஓடிய மூன்று நிமிடம் நாற்பது விநாடிக்கு, பழைய தலைமுடி திரும்பி வந்தது. வெளியான அன்று காலை பத்து மணிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் என்பதால் விஷயம் உடனே தெரிந்துவிட்டது. ஒரு வங்கி மேலாளர் கண்ணாடிக் கதவில் தன்னையே பார்த்து, "யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டார். ஒரு பஸ் ஓட்டுநருக்கு நெற்றியை மறைக்கும் சுருள்முடி வந்து சாலை தெரியாமல் போகவே, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பயணிகளோடு சேர்ந்து பாட்டு முடியும்வரை காத்திருந்தார். கல்லூரி நாட்களில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒட்ட வெட்டிக்கொண்ட ஒரு ஆசிரியைக்கு அதே கிராப்பு வந்தது, அவர் பாட்டை இரண்டாம் தடவை போடவில்லை. பாட்டு முடிந்ததும் முடியும் போய்விடும், தரையில் ஒன்றுகூட உதிர்ந்து கிடக்காது. வீடு பெருக்குகிறவர்கள் அதைத்தான் முக்கியமாகப் பாராட்டினார்கள்.

குழுவில் மூன்று பேர், ஒரு மெஷின். கீபோர்டு வாசித்தவள் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாடியவன் அவளுடைய சொந்தத் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவன் குரலில் இருந்த பதற்றம் அந்தத் தொழிலில் வந்தது என்று சிலர் சொன்னார்கள், பிறவியிலேயே அப்படித்தான் என்பாள் அக்கா. பாஸ் கிடார் வாசித்தவன் அக்காவின் கணவன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிக்கும் வேலை. ஆறடி நாலங்குலம், எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, எவ்வளவு உயரத்தில் மீட்டர் இருந்தாலும் ஸ்டூல் கேட்டதில்லை. அதனால் ஒட்டடைக்குச்சி என்று பெயர், சுருக்கமாகக் குச்சி. டிரம்ஸுக்கு ஆள் கிடைக்காததால் ஒரு டிரம் மெஷின் வைத்துக்கொண்டார்கள். அது நேரத்துக்கு வந்தது, டீ கேட்கவில்லை, கோபித்துக்கொண்டு போகவில்லை. இவர்கள் வாசிப்பது போஸ்ட்-பங்க் ரகமா சிந்த்-பாப் ரகமா என்று அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் இரண்டு பேர் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும்போது யாரோ அழுகிற மாதிரி இருக்கிறது என்று கீழ் வீட்டு அம்மாள் சொன்னாள், எனக்குத் தெரிந்து அதுதான் சரியான விமர்சனம்.

குச்சிக்குக் கூச்சம் அதிகம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் விரல் ஓடாது. அதனால் மற்ற குழுக்களில் பாட்டு கட்டிய பிறகு சேர்க்கும் பாஸை இவர்கள் முதலில் செய்தார்கள். குச்சி கிடாரையும் கேசட் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மனசில் வருவதை வாசித்துவிட்டு வெளியே வருவான். அதன்மேல்தான் கீபோர்டும் பாட்டும் கட்டப்படும். அவர்களுடைய எல்லாப் பாட்டிலும் கூர்ந்து கேட்டால் குழாய் சொட்டுவது கேட்கும். கடைசியாக வந்த ஆல்பத்தில் தம்பி ஒரு காரியம் செய்தான். தன் குரல் முன்னால் வரவேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல், பாஸின் சத்தத்தைக் குறைத்துவிட்டான். குச்சி முழுவதையும் கேட்டான், "நல்லாருக்கு" என்றான், கிடாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அவ்வளவுதான் அவன் சொன்னது. மிச்சத்தை அக்கா சொன்னாள். அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிய பேச்சில் அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமல் பதினான்கு வருஷம் ஓடிப்போயின. குச்சி மட்டும் மீட்டர் குறிக்கப் போகிற வழியில் மச்சானைப் பார்த்து டீ குடித்துவிட்டு வருவான். வீட்டில் கேட்டால், பார்க்கவில்லை என்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஏதோ ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த குச்சி எழுந்திருக்கவில்லை. அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று காரியங்கள் எல்லாவற்றையும் செய்து முடித்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பாத்ரூம் பரணை ஒழித்தபோது பழைய சோப்பு டப்பாவுக்குள் ஒரு கேசட் இருந்தது. அதில் மூன்று துண்டுகள், யாருக்கும் போட்டுக் காட்டாதவை, பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். "மாமா வாசிச்சது மூணு இருக்கு. வா," என்றாள். அரை மணியில் வந்துவிட்டான். பயிற்சி கார், பின்னால் சிவப்பு எழுத்துப் பலகையோடு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வாசலில் நிற்க ஆரம்பித்தது அப்படித்தான்.

முதல் துண்டில் கட்டிய பாட்டுக்குத்தான் முடி வந்தது. இரண்டாவதுக்கு முழங்கால் வந்தது. இருபது வயது முழங்கால், இரண்டுமே, சத்தமில்லாமல் மடங்கும் ரகம். கேட்டவர்கள் பாட்டு ஓடும்போதே மாடிப்படிகளில் ஏறினார்கள், சிலர் சரியாகக் கணக்கிடாமல் ஐந்தாவது மாடியில் மாட்டிக்கொண்டார்கள். அக்கா வேலை பார்த்த கிளினிக்கில் மருத்துவர், பல்லுக்கு ஏதாவது பாட்டு போடும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது பாட்டு நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. முடித்த அன்று பிற்பகல், ஸ்பீக்கரில் முதல் தடவை போட்டபோது, பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு குச்சி வந்தான். நிலையில் இடிக்காமல் வழக்கம்போலத் தலையைக் குனிந்து வந்தான். இறந்தவன் மாதிரி இல்லை, உள்ளே வேலையாக இருந்தவன் கூப்பிட்டதும் வந்த மாதிரி இருந்தான். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டான். பாட்டு முடிய இருபது விநாடி இருக்கும்போது, "பாஸ் கேக்கல. கொஞ்சம் ஏத்து," என்றான். பிறகு அங்கே சுவர் மட்டும் இருந்தது. தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு, வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் யாரும் பார்த்திராத விதமாக, விம்மி விம்மி அழுதான். அழுது முடித்து பாஸை ஏற்றினான். திரும்பப் போட்டார்கள். குச்சி வந்து கேட்டு, தலையாட்டிவிட்டுப் போனான்.

தம்பி ஒரு பிரதி எடுத்துப் போனான். அடுத்த நாளே ஒரு விஷயம் புலப்பட்டது: இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் போட்டால் குச்சி ஒரு வீட்டுக்குத்தான் வருவான். ஆள் ஒருவன்தானே. ஆகவே பதினான்கு வருஷம் பேசாதவர்கள் தினமும் போனில் பேசவேண்டியதாயிற்று. "நான் கேட்டு முடிச்சிட்டேன், நீ போட்டுக்க" என்பான் அவன். "இன்னிக்கு என்ன சொன்னாரு?" என்பாள் அவள். "ஒண்ணும் சொல்லலக்கா, ஷேவ் பண்ணலியான்னாரு." இப்படி ஏழு மாதம் போயிற்று. கேட்பவர்கள் மூன்றாவது சிங்கிள் எப்போது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். முழங்காலுக்கு அடுத்து இடுப்பாக இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். தம்பி மெல்லப் பேச்சை எடுத்தபோது அக்கா ஒரேயடியாக மறுத்தாள். "வெளிய விட்டா ஊர்ல இருக்கிற எல்லா வீட்டுக்கும் போவாரு. எனக்கு எப்படா வருவாரு?" தம்பி அதோடு பேச்சை விட்டுவிட்டான். கேசட்டில் வேறு துண்டும் இல்லை.

கடைசியில் குச்சியிடமே கேட்டாள். நான்கு நிமிடத்தில் கேட்டாகவேண்டும் என்பதால் சுற்றி வளைக்கவில்லை. "இதை வெளிய விடட்டுமா? முன்னூறு பேருக்கு மேல காத்துக்கிட்டு இருக்காங்க," என்றாள். குச்சி சுவரிலிருந்து நிமிர்ந்தான். "முன்னூறு பேரா?" என்றான். அவர்கள் வாசித்த காலத்தில் அதிகபட்சமாக ஒரு அறையில் நாற்பது பேர் நின்றிருக்கிறார்கள், அதில் பாதி இன்னொரு குழுவுக்கு வந்தவர்கள். "அவங்களுக்கெல்லாம் பாஸ் கேக்குமா?" என்று கேட்டபோது அவன் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவள் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அன்று மாலையே வெளியிட்டார்கள்.

முதல் பதினொரு நாள் அவள் வீட்டுக்குக் குச்சி வரவில்லை. காலையில் போட்டாள், சாப்பாட்டு இடைவேளையில் போட்டாள், வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுமுன் போட்டாள். எந்நேரமும் யாராவது ஒருவர் முந்திக்கொண்டிருந்தார்கள். அந்த முந்நூறு பேரையும் அவள் மனசார வெறுத்தாள், அதைத் தம்பியிடம் மறைக்கவும் இல்லை. பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. வந்தார், செருப்பு ஸ்டாண்டு பக்கத்திலேயே நின்றார், உட்காரச் சொன்னோம், வேண்டாம் என்றார். வந்தார், பாஸ் நன்றாகக் கேட்கிறது என்று சொன்னோம், காது சிவந்துவிட்டது. வந்தார், போகும்போது எங்கள் மீட்டர் வேகமாக ஓடுகிறது, புகார் கொடுங்கள் என்றார். முன்பின் தெரியாதவர்கள், பள்ளிக்குப் போய்வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல, தினமும் அவளுக்கு எழுதினார்கள். அவள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள். யாராவது எழுதத் தவறினால், "நேத்து மூணு மணிக்கு யார் வீட்ல இருந்தாருன்னே தெரியலடா" என்று தம்பியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பெண்மணி, அவர் சட்டையில் இரண்டாவது பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை, நிற்கவைத்துத் தைத்துவிட்டேன், கைக்குக் கிடைத்தது பச்சை நூல்தான், தப்பாக நினைக்காதீர்கள் என்று எழுதியிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா பாட்டைப் போட்டதும் குச்சி வந்தான். அவள் நேராகப் போய் அவன் சட்டையின் இரண்டாவது பட்டனை இழுத்துப் பார்த்தாள். பழுப்புச் சட்டையில் பச்சை நூல் பளிச்சென்று தெரிந்தது. பட்டன் அசையவில்லை.

"நல்லா தைச்சிருக்காங்க," என்றாள்.

"ஆமா. நல்ல மனுஷங்க," என்றான்.

பாட்டில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள்.